படத்தில் விழாதவை: இன்றைய வீட்டு உள் அலங்காரப் போக்குகள், ஓர் ஒப்பீடு

வீட்டின் உட்புறத்தைப் புதுப்பிக்க முடிவெடுத்தவர்கள் இன்று முதலில் செய்யும் வேலை படம் சேர்ப்பதுதான். கைப்பேசியில் ஐம்பது படங்கள் சேர்ந்த பிறகு பார்த்தால், ஒன்றுக்கொன்று ஒத்துவராத மூன்று நான்கு பாணிகள் அவற்றில் கலந்து கிடக்கும். எதைப் பின்பற்றுவது என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது. அதற்கு விடை தேட முயலும் இக்கட்டுரை, அழகை அளவுகோலாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது வழக்கிலுள்ள பாணிகள் எல்லாமே கவனமாகச் செய்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் எந்தப் புகைப்படத்திலும் விழாதவை நான்கு உண்டு: அறையின் ஓசை, படியும் தூசி, பரவும் வாடை, இருட்டியபின் விளக்கொளியில் மாறிப்போகும் நிறம். ஒரு பாணியோடு பத்து ஆண்டுகள் குடியிருக்க முடியுமா என்பதை இந்த நான்கும்தான் தீர்மானிக்கின்றன.

நிறத்தை மட்டும் நம்பி முடிவெடுப்பவர்களுக்கு முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடலாம். ஆண்டுதோறும் ‘இவ்வாண்டின் நிறம்’ என்று ஒன்றை அறிவிக்கும் பான்டோன் நிறுவனம் 2021க்குச் சாம்பலையும் மஞ்சளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தது. 2025இல் அது மோக்கா மூஸ் என்ற இளம்பழுப்புக்கு மாறியது. 2026க்கு ஒரு வெண்மையைக் கையில் எடுத்திருக்கிறது. ஒழுங்காகச் செய்த ஓர் அலமாரி பதினைந்து ஆண்டுகள் உழைக்கும். ஐந்தாண்டுகளுக்குள் மூன்று முறை திசை மாறும் ஒன்றை அலமாரிக் கதவில் ஒட்டுவதா, மெத்தை உறையில் வைத்துக்கொள்வதா என்பதை அவரவர் யோசித்துக்கொள்ளலாம்.

குறைவா, நிறைவா

இன்றைய போக்குகளின் பெரிய பிரிவு இதுதான். ஒரு புறம் மினிமலிசம். அதன் இப்போதைய வடிவம் ஜப்பானிய எளிமையையும் ஸ்காண்டிநேவிய மரவேலையையும் கலந்த ‘ஜப்பாண்டி’. தாழ்வான மர இருக்கைகள், மண் சாயல் நிறங்கள், வெறுமையாக விடப்பட்ட சுவர்கள் இதன் அடையாளம். மறுபுறம் மாக்சிமலிசம், அடர்ந்த நிறங்கள், வடிவங்கள் நிறைந்த துணிகள், சுவர் முழுக்கச் சட்டமிட்ட படங்கள், புத்தகங்கள், பொறுக்கிச் சேர்த்த பொருட்கள்.

படத்தில் பார்க்கும்போது முதலாவது அமைதியாகவும் இரண்டாவது இரைச்சலாகவும் தோன்றும். காதால் கேட்டால் பெரும்பாலும் நேர்மாறு. 5 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம். அதன் கன அளவு 60 கன மீட்டர். சுவர், தரை, கூரை சேர்ந்த பரப்பு 94 சதுர மீட்டர். பூசிய சுவரும் டைல்ஸ் தரையும் தம்மீது படும் ஒலியில் 5 விழுக்காட்டை உறிஞ்சும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால், அந்த வெற்று அறையில் ஓர் ஓசை முழுமையாக அடங்க ஏறத்தாழ 2 நொடிகள் ஆகும். தடித்த தரைவிரிப்பு, கனமான திரைச்சீலை, துணி சோபா, புத்தக அடுக்கு ஆகியவை சேர்ந்து உறிஞ்சும் அளவை மூன்று மடங்காக்கினால் அதே நேரம் 0.7 நொடிக்குச் சுருங்கிவிடும். இரண்டு நொடி என்பது கேட்பதற்குச் சிறிய எண்ணாக இருக்கலாம். ஆனால் நான்கு பேர் பேசும் அறையில் ஒவ்வொருவருடைய சொல்லும் அடுத்தவருடைய சொல்லின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எல்லோரும் குரலை உயர்த்துவார்கள். தொலைக்காட்சியின் ஒலியும் கூடவே உயரும்.

இந்தக் கணக்குக்கு வழி வகுத்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் வாலஸ் சபைன். பேச்சு எதுவும் விளங்காத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யும் பொறுப்பு 1895இல் அவரிடம் வந்தது. அவர் அருகிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் அந்தக் கூடத்துக்குத் தூக்கி வந்து, ஒவ்வொன்றாக அடுக்கி, ஓசை அடங்கும் நேரம் எப்படிக் குறைகிறது என்று அளந்தார். அறை ஒலியியல் என்ற துறையே மெத்தையில் தொடங்கியது என்று சொன்னால் மிகையாகாது.

தூசியில் மினிமலிசம் வெல்கிறது. இதில் வாதத்துக்கு இடமில்லை. திறந்த அலமாரியில் இருக்கும் நாற்பது பொருட்களைத் துடைக்க நாற்பது முறை தூக்கி வைக்க வேண்டும். ஆனால் அந்த வெறுமைக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. வெறுமையாகத் தெரியும் அறையின் பின்னால், கண்ணுக்குப் படாத ஏதோ ஓர் அலமாரி நிறைந்து வழிந்துகொண்டிருக்கும். மூடிய சேமிப்பிடம் போதிய அளவு இல்லாத வீட்டில் மினிமலிசம் ஒரு வாரம் நீடித்தால் அதிகம். செலவும் எதிர்பார்ப்பதுபோல் குறைவாக அமைவதில்லை. வெற்றுச் சுவரில் பக்கவாட்டு ஒளி விழுந்தால், சுவரைச் சமன்செய்யும் புட்டி வேலையின் மேடு பள்ளங்கள் அனைத்தும் தெரியும். கைப்பிடியில்லாத கதவுகளில் இரண்டு மில்லிமீட்டர் கோணல்கூட உறுத்தும். நிறைந்த அறை வேலைக்காரரின் குறையை மறைத்துவிடும்; குறைந்த அறை அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே என் பரிந்துரை: பொருட்களின் எண்ணிக்கையில் மினிமலிசத்தையும் துணியின் அளவில் மாக்சிமலிசத்தையும் எடுத்துக்கொள்ளலாம். நான்கே இருக்கைகள் இருக்கட்டும், ஆனால் தரைவிரிப்பு பெரிதாகவும் திரைச்சீலை கூரையிலிருந்து தரைவரை தொங்குவதாகவும் இருக்கட்டும். ஏற்கெனவே ஆயிரம் புத்தகங்களோ இசைக்கருவிகளோ வைத்திருப்பவர்கள் இந்தச் சமரசத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. நிறைந்த பாணியே அவர்களுக்கு இயல்பானது.

சுவர்

செலவும் ஏமாற்றமும் மிகுதியாக நிகழுமிடம் சுவர்தான். இப்போது போட்டியில் இருப்பவை சுண்ணாம்புப் பூச்சு, வழக்கமான எமல்ஷன், வால்பேப்பர், வரிவரியாகக் குழிந்த ஃபுளூட்டட் பேனல் ஆகிய நான்கு.

‘லைம் வாஷ்’ என்ற பெயரில் திரும்பி வந்திருக்கும் சுண்ணாம்புப் பூச்சு மற்ற மூன்றிலும் இல்லாத ஓர் ஆழத்தைத் தருகிறது. இது சுவரின்மேல் படலமாக ஒட்டுவதில்லை. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உள்வாங்கி, மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது மெல்லிய கல்லாக, சுவரோடு சேர்ந்து இறுகுகிறது. அதன் மென்மையான மேகத் திட்டுகளுக்குக் காரணம் தூரிகையைக் குறுக்கும் நெடுக்குமாக இழுப்பதும் இந்த வேதிவினையும்தான். சுவரின் ஈரம் வெளியேற வழி இருக்கிறது. காரத்தன்மை மிகுந்திருப்பதால் பூஞ்சையும் எளிதில் பிடிக்காது. சுவரோடு சேர்ந்து இறுக வேண்டியிருப்பதால், பழைய எமல்ஷன் பூசிய சுவரில் இதை நேரடியாகப் பூச முடியாது. நெகிழிப் படலத்தின்மேல் சுண்ணாம்புக்குப் பிடிமானம் கிடைக்காது. பழையதைச் சுரண்ட வேண்டும், அல்லது அதற்கென்று உள்ள மினரல் பிரைமர் என்ற அடிப்பூச்சை அடிக்க வேண்டும். ‘லைம் வாஷ் எஃபெக்ட்’ என்று விற்கப்படும் பெயின்ட்கள் பெரும்பாலும் அக்ரிலிக் என்ற நெகிழி வகை. துடைக்க வசதியானவை, ஆனால் மேற்சொன்ன குணங்கள் எதையும் அவற்றிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

என் படிப்பறையின் ஒரு சுவருக்குக் களிமண் நிறத்தில் அசல் சுண்ணாம்புப் பூச்சையே தேர்ந்தெடுத்தேன். ஆறு மாதத்தில் ஸ்விட்ச் பலகையைச் சுற்றிக் கைபட்டு ஒரு கருமை படர்ந்தது. ஈரத் துணியால் துடைத்தபோது அழுக்கு போயிற்று, கூடவே கொஞ்சம் நிறமும் துணியோடு வந்தது. மிச்சம் வைத்திருந்த பூச்சை அந்த உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் தடவினேன். ஈரமாக இருந்தபோது மிகவும் அடர்ந்து தெரிந்த அது, காய்ந்தபின் சுற்றிலும் உள்ள சுவரைவிட வெளிறிப்போய், தூரத்திலிருந்தே தெரியும் ஒரு திட்டாக நின்றுவிட்டது. கடைசியில் மூலையிலிருந்து மூலைவரை அந்தச் சுவர் முழுவதையும் மறுபடி பூச வேண்டியதாயிற்று. இந்தப் பூச்சு கை படாத சுவருக்கானது என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டேன். நடைபாதைக்கும் சிறுவர் அறைக்கும் கட்டிலின் தலைமாட்டுக்கும் இது வேண்டாம்; அங்கெல்லாம் கழுவக்கூடிய மேட் எமல்ஷனே மேல்.

ஃபுளூட்டட் பேனலைப் பற்றி ஒரு சிறு கணக்கு. 3 மீட்டர் அகலமும் 2.7 மீட்டர் உயரமும் உள்ள சுவரில் 2 சென்டிமீட்டருக்கு ஒரு குழி வீதம் 150 குழிகள் வரும். துடைக்க வேண்டிய நீளம் 405 மீட்டர். செங்குத்தாக இருப்பதால் தூசி குறைவாகவே தங்கும் என்பது உண்மைதான். ஆனால் சமையலறையை ஒட்டிய கூடமாக இருந்தால், எண்ணெய்ப் புகை படிந்து அந்தத் தூசி பசைபோல் ஒட்டிக்கொள்ளும். அப்போது துணி உதவாது, பல் துலக்கும் பிரஷ்தான் உதவும். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகையில் செய்தவை என்றால், தரை துடைக்கும் நீர் கீழ் விளிம்பில் ஏறி ஊதிப்போகும் ஆபத்தும் உண்டு. தரையிலிருந்து பத்து சென்டிமீட்டராவது விட்டுத் தொடங்கச் சொல்வது நல்லது. தொலைக்காட்சிக்குப் பின்னால் குறுகிய பட்டையாக வைத்தால் இது பொறுத்துக்கொள்ளக்கூடிய விருப்பம். சுவர் முழுவதற்கும் வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

வால்பேப்பரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஈரக்கசிவு உள்ள சுவரில் வினைல் தாளை ஒட்டினால், ஈரம் உள்ளே அடைபட்டுத் தாளின் பின்புறம் பூஞ்சை பிடிக்கும். கசிவு இல்லாத சுவரில் நெய்யப்படாத இழைத்தாள் நல்ல தெரிவு. அதில் பசையைச் சுவரில் தடவினால் போதும், பின்னாளில் முழுத் தாளாகவே உரித்தெடுக்கவும் முடியும்.

சுவர், கூரை, கதவு, ஜன்னல் சட்டம் என அனைத்துக்கும் ஒரே நிறத்தைப் பூசும் ‘கலர் டிரெஞ்சிங்’ இப்போது பரவலாகப் பேசப்படுகிறது. கோணல் மாணலான, உத்தரங்கள் துருத்திய அறைகளில் இது உண்மையிலேயே நன்மை செய்கிறது. விளிம்புகள் கரைந்து அறை ஒரே உருவமாகத் தெரியும். முடிவெடுக்கும் முன் பெயின்ட் அட்டையில் எல்.ஆர்.வி. என்று அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். அந்த நிறம் தன்மீது விழும் ஒளியில் எவ்வளவைத் திருப்பியனுப்புகிறது என்பதே அது. 0 முழுக் கருப்பு, 100 முழு வெண்மை. வெள்ளைக் கூரை 80க்கு மேல் திருப்பிக்கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில் 15 மட்டும் தரும் நிறத்தைப் பூசினால், பகலிலேயே விளக்குப் போட வேண்டிவரலாம். மனம் மாறினால் சுவரைத் திரும்பப் பூசுவது இரண்டு நாள் வேலை; கதவையும் ஜன்னல் சட்டத்தையும் தேய்த்து, பிரைமர் அடித்து மீட்பது அதைவிட நெடிய வேலை. முதலில் சுவருக்கும் கூரைக்கும் மட்டும் பூசிவிட்டு, மரச்சட்டங்களை ஓராண்டு கழித்து முடிவு செய்யலாம்.

விளக்கு

இந்த மண் நிறங்களையெல்லாம் வாழவைப்பதும் கெடுப்பதும் விளக்குதான். ஒளியின் சாயலைச் சொல்லும் அலகு கெல்வின். 6500 கெல்வின் வெண்ணொளியின் கீழ் களிமண் நிறச் சுவர் அழுக்கேறிய சாம்பலாகத் தெரியும். 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான வெதுவெதுப்பான ஒளியில்தான் அது படத்தில் பார்த்த நிறத்தை எட்டும். கெல்வினை மட்டும் பார்த்து வாங்குவதும் போதாது. பொருட்களின் நிறத்தை ஒரு விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் சி.ஆர்.ஐ. எண் சாதாரண எல்.இ.டி.யில் 80 என்றிருக்கும். பழுப்பு, செம்மண், மரம், மனிதத் தோல் ஆகிய சிவப்புச் சாயல் கொண்ட அனைத்தும் 90க்கு மேற்பட்ட விளக்கில் தெளிவாக வேறுபட்டுத் தெரியும்.

ஃபால்ஸ் சீலிங்கில் ஒளித்து வைக்கும் கோவ் விளக்கா, தனித்தனி மேசை விளக்குகளும் நிற்கும் விளக்குகளுமா என்று கேட்டால் நான் இரண்டாவதையே சொல்வேன். கோவ் விளக்கு கூரையின் உயரத்தைக் குறைக்கிறது. யாரும் ஏறித் துடைக்காத ஒரு தூசித் தொட்டியைக் கூரையோரம் உருவாக்குகிறது. பட்டை விளக்கு பழுதானால் அதே சாயலில் மாற்று கிடைப்பதும் அரிது. ஒரு கூடத்துக்கு வெவ்வேறு உயரங்களில் மூன்று சிறு விளக்குகள் இருந்தால் மாலைக்குப் போதும். சுத்தம் செய்யவும் தொலைத்ததைத் தேடவும் மட்டும் கூரையில் ஒரு பிரகாசமான விளக்கு இருக்கட்டும்.

நிறத்தைச் சிறிய அட்டையில் பார்த்து முடிவு செய்யக்கூடாது. ஓர் ஆள் மார்பளவு பலகையில் இரண்டு பூச்சு பூசிக் காயவைத்து, காலையிலும் உச்சிப்பொழுதிலும் இரவு விளக்கிலும் அறையின் இருண்ட மூலைக்கும் ஜன்னலருகிலும் நகர்த்தி வைத்துப் பார்க்க வேண்டும்.

செடியும் வளைவும்

இயற்கையை வீட்டுக்குள் கொண்டுவரும் ‘பயோஃபிலிக்’ பாணியில் மரம், கல், சணல், வெயில் எல்லாவற்றையும் வரவேற்கிறேன். செடி காற்றைத் தூய்மையாக்கும் என்ற ஒரு விளம்பரத்தைத் தவிர. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் 1989ஆம் ஆண்டின் நாசா ஆய்வு மூடிய சிறு பெட்டிகளுக்குள் செய்யப்பட்டது. அத்தகைய பல ஆய்வுகளை 2019இல் ஒருசேர மீளாய்வு செய்தவர்கள், ஒரு கட்டடத்தில் வழக்கமாக நிகழும் காற்றோட்டத்துக்கு ஈடுகொடுக்க ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் தேவைப்படும் என்று கணித்தார்கள். ஜன்னலைத் திறப்பது எளிது. செடியைப் பார்ப்பதில் கிடைக்கும் நிம்மதிக்காக வைத்தால் அதுவே போதுமான காரணம்.

வளைந்த சோபாக்கள் சுவரோடு ஒட்டாமல் அறையின் நடுவில் நிற்க வேண்டியவை. சுற்றிலும் 80 சென்டிமீட்டராவது நடைவழி விட முடியாத கூடத்துக்கு அவை பொருந்தாது. சுருள்நூல் பரப்பு கொண்ட பூக்லே துணி, பூனை வளர்ப்பவர்களுக்கு ஒத்துவராது.

சமையலறையைத் திறப்பதா, மூடுவதா

மேலே சொன்ன அனைத்தையும் ஏதோ ஒரு செலவில் மாற்றிவிடலாம். சமையலறைச் சுவரை இடித்தால் இடித்ததுதான். எனவே மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் அவசரம் கூடாது.

மூடிய, கச்சிதமான சமையலறைக்கு ஒரு வரலாறு உண்டு. கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி 1926இல் ஃபிராங்க்ஃபர்ட் குடியிருப்புகளுக்காக 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்ட ஒரு சமையலறையை வடிவமைத்தார். ஓர் அடியும் வீணாகாதபடி ஒவ்வொரு அசைவையும் அளந்து செய்யப்பட்ட அது ஏறத்தாழ பத்தாயிரம் வீடுகளில் அமைந்தது. இன்றைய மாடுலர் சமையலறைக்கு மூதாதை அதுவே. வேலை செய்ய அது வசதியானது. ஆனால் அதற்குள் ஒருவர் மட்டுமே நிற்க முடியும், அவர் மற்றவர்களிடமிருந்து பிரிந்துவிடுவார் என்பது அதன்மேல் பின்னாளில் வைக்கப்பட்ட விமர்சனம். திறந்த சமையலறை அந்த விமர்சனத்துக்கான பதில். சமைப்பவர் பேச்சில் கலந்துகொள்ளலாம். கூடத்தில் விளையாடும் குழந்தை கண்பார்வையில் இருக்கும். இரண்டு சிறிய இருண்ட அறைகள் ஒரு வெளிச்சமான அறையாகிவிடும்.

விலை என்னவென்றால், நான் முதலில் சொன்ன நான்கில் மூன்று ஒரே இடத்தில் சேர்ந்து வந்துவிடுகின்றன. எண்ணெய்த் துளிகள் காற்றில் மிதந்து சோபாவில் படிகின்றன. கூடத்துக்கென்று முன்பு நான் வாங்கச் சொன்ன தரைவிரிப்பும் திரைச்சீலையும் வாடையைப் பிடித்துவைப்பதில் கெட்டிக்காரர்கள். பாத்திரம் கழுவும் ஓசைக்கும் தொலைக்காட்சிக்கும் இடையே சுவர் இல்லை. சிம்னி உதவும், ஆனால் அதில் இருவகை உண்டு. குழாய் வைத்து வெளியே தள்ளும் சிம்னி புகையையும் நீராவியையும் வெப்பத்தையும் அகற்றுகிறது. கரி வடிகட்டியில் காற்றைச் சுழற்றி மீண்டும் அறைக்குள்ளேயே விடும் வகை வாடையைக் கொஞ்சம் குறைக்கும். ஈரத்தையும் வெப்பத்தையும் அது தொடுவதே இல்லை. வெளியே குழாய் விட வழியில்லாத வீட்டில் சமையலறையைத் திறக்க வேண்டாம் என்றே நான் சொல்வேன். வாரத்தில் பல நாள் வறுப்பதும் பொரிப்பதுமாகச் சமைக்கும் வீட்டுக்கும் இதே அறிவுரைதான்.

இரண்டுக்கும் இடையில் இப்போது செல்வாக்குப் பெற்றுவருவது நகரும் கண்ணாடித் தடுப்பு. பார்வையையும் வெளிச்சத்தையும் விட்டுவிட்டு வாடையையும் ஓசையின் பெரும்பகுதியையும் இது தடுக்கிறது. கண்ணாடியில் கைரேகை விழும், கீழ்த் தண்டவாளத்தில் குப்பை சேரும்; மேலிருந்து தொங்கும் வகை என்றால் இரண்டாவது தொல்லை இல்லை, ஆனால் கீழே சிறு இடைவெளி இருக்கும். இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்தாலும் என் வாக்கு இந்தத் தடுப்புக்கே.

இதிலும் படத்தை நம்பாமல் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. சமையலறைக் கதவைக் கழற்றி ஒரு வாரம் ஓரமாகச் சாத்தி வையுங்கள். வழக்கம்போலச் சமையுங்கள், வழக்கமான நேரத்தில் தொலைக்காட்சியைப் போடுங்கள். எட்டாம் நாள் காலை, கூடத்தின் சோபா மெத்தை ஒன்றை எடுத்து முகர்ந்து பாருங்கள்; பிறகு கதவைத் திரும்ப மாட்ட வேண்டும் என்று வீட்டில் யார் முதலில் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள்.